வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆய்வு: கண்டுபிடிப்பை விற்கப்போவது யார்?

இரண்டு துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. கூட்டு ஆய்வில் உருவான கருவியையோ மருந்தையோ தயாரிக்க ஒரு நிறுவனம் முன்வரும்போது அது கேட்கும் முதல் கேள்வி வேறு: "இதற்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?" ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாவிட்டால் நிறுவனம் அடுத்த கதவைத் தட்டப் போய்விடும். அந்தப் பெயரை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

யாரோடு சேர்வது

தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கூட்டாளியைத் தேடாதீர்கள். உங்களிடம் இல்லாதது அவர்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்: சோதனை ஆலை, நோயாளிகளின் மாதிரிகள், கள ஆய்வு வசதி, தொழில் நிறுவனங்களோடு நடப்பில் உள்ள உறவு. நாசா உருவாக்கிய தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் (டி.ஆர்.எல்.) 1 முதல் 9 வரை படிகள் உண்டு. ஆய்வகத்தில் செய்துகாட்டிய கருத்து 3-ஆம் படி. உண்மையான சூழலில் இயங்கும் முன்மாதிரி 7-ஆம் படி. இரு தரப்பும் 3-இல் கெட்டிக்காரர்கள் என்றால் கட்டுரைகள் நிறைய வரும், பொருள் வராது. ஒருவராவது 5, 6-ஆம் படிகளில் வேலை செய்து பழகியவராக இருக்க வேண்டும்.

கூட்டாளியின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்திடம் (கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் வழங்கும் பிரிவு) முதல் வாரத்திலேயே ஒன்று கேளுங்கள்: அவர்கள் நாட்டில் பேராசிரியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? பெரும்பாலான நாடுகளில் பல்கலைக்கழகத்துக்கு. ஸ்வீடனில் இன்னும் பேராசிரியருக்கே. ஜெர்மனி அந்தச் சலுகையை 2002-இல் நீக்கியது, இத்தாலி 2023-இல்தான் நீக்கியது. பேராசிரியர் உரிமையாளராக இருக்கும் இடத்தில் பல்கலைக்கழகத்தின் கையெழுத்து மட்டும் போதாது. அவருடைய கையெழுத்தும் வேண்டும்.

ஆவணங்களின் வரிசை

முதலில் ரகசியக்காப்பு ஒப்பந்தம். பிறகு, மாதிரி, செல், வேதிப்பொருள் ஏதாவது கைமாறினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். கடைசியில் திட்ட ஒப்பந்தம். இந்த வரிசை குலைவது பெரும்பாலும் நடுவில்தான். "ஆய்வுக்கு மட்டும்" என்ற நிபந்தனையோடு வந்த செல்லைக் கொண்டு உருவாக்கிய சோதனையைப் பின்னர் வணிகமாக்கப் போனால், அந்த ஒரு வரி தடுக்கும். வேறொரு நாட்டின் தாவரமோ நுண்ணுயிரியோ என்றால் 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் சேர்ந்துகொள்ளும். கிடைத்த இடத்தின் அனுமதியும் பயன்பகிர்வு உடன்பாடும் இல்லாமல் விற்பனைக்குப் போக முடியாது.

திட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில் இரு தரப்பும் ஏற்கெனவே வைத்திருக்கும் காப்புரிமைகள், மென்பொருள் நிரல்கள், தரவுத்தொகுப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். "முன்பிருந்த அறிவுசார் சொத்துகள் அனைத்தும்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். புதிய கண்டுபிடிப்பு அவற்றில் எதன் மேல் நிற்கிறது, அதை வணிகத்துக்குப் பயன்படுத்த என்ன கட்டணம் என்பதைத்தான் உரிமம் வாங்குபவர் கேட்பார்.

கூட்டுச் சொத்து என்னும் பொறி

"பாதிக்குப் பாதி" என்பது நியாயமாக ஒலிக்கும். நாடு மாறினால் அதன் பொருளும் மாறும். அமெரிக்காவில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர்களில் யாரும் மற்றவரைக் கேட்காமலே, பணம் பங்கு கொடுக்காமலே, யாருக்கும் உரிமம் தரலாம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் தானே பயன்படுத்தலாம், ஆனால் உரிமம் தர மற்றவரின் சம்மதம் வேண்டும். ஆக ஒரே கண்டுபிடிப்புக்கு ஒரு நாட்டில் தனியுரிமம் (ஒரே நிறுவனத்துக்கு மட்டும் தரும் உரிமம்) என்பதற்கே மதிப்பில்லை, இன்னொரு நாட்டில் ஒருவர் தலையசைக்கும் வரை எதுவும் நகராது.

வழி: உடைமை கூட்டாக இருக்கட்டும், உரிமம் தரும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும். யார் வீட்டில் முக்கியக் கண்டுபிடிப்பாளர் இருக்கிறாரோ, அல்லது எங்கே தொழில் சந்தை அருகில் இருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகம் தலைமை. மற்றவருக்கு அறிக்கை பெறவும், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லவும் உரிமை. பணப் பங்கீட்டை வரிசையாக எழுதுங்கள். உரிமத்தில் 100 வந்தது என்று வையுங்கள். தலைமைப் பல்கலைக்கழகத்துக்கு நிர்வாகச் செலவு 10. காப்புரிமைக்குச் செலவழித்தவர்களுக்குத் திரும்ப 20. மீதி 70-ஐ கண்டுபிடிப்பில் பங்களித்த விகிதம் 60:40 என்றால் 42, 28 என்று பிரிக்கலாம். ஒவ்வொருவரும் தம் கண்டுபிடிப்பாளர்களுக்குத் தம் விதிப்படி கொடுத்துக்கொள்வார்கள். இங்கே விகிதம் என்பது கண்டுபிடிப்பாளர்களைப் பொறுத்தது, கட்டுரை ஆசிரியர் பட்டியலைப் பொறுத்ததல்ல. காப்புரிமை விண்ணப்பத்தின் உரிமைக்கோரிக்கையில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி) உள்ள கருத்தைத் தந்தவரே கண்டுபிடிப்பாளர். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், மாணவர் என்பதற்காக ஒருவரை விடுவதும் அமெரிக்கா போன்ற நாடுகளில் காப்புரிமையையே செல்லாததாக்கிவிடக்கூடும்.

ஒரு வினைச்சொல்

ஆய்வாளர்கள் கையெழுத்திடும் தாளைக் கையில் எடுத்துப் படியுங்கள். "உரிமையை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்று இருக்கிறதா, "இதன் மூலம் ஒப்படைக்கிறேன்" என்று இருக்கிறதா? முதலாவது வாக்குறுதி. இரண்டாவது ஒப்படைப்பு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு முதல் வகை வாசகத்திலும், பின்னர் பயிற்சிக்குப் போன சீட்டஸ் நிறுவனத்தில் இரண்டாம் வகை வாசகத்திலும் கையெழுத்திட்டார். எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் சோதனை பற்றிய அந்த வழக்கு 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. சீட்டஸின் அந்தத் தொழிலை வாங்கிய ரோஷ் பக்கமே தீர்ப்பு. வருகைதரு ஆய்வாளர், இரு இடங்களில் பதவி வகிப்பவர், சம்பளம் வாங்காத முனைவர் பட்ட மாணவர் ஆகிய மூவரிடமும் முதல் நாளே இரண்டாம் வகை வாசகத்தில் வாங்கிவிடுங்கள். மாணவர் ஊழியர் அல்ல என்பதால் அவருடைய உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது.

நாள்காட்டி

ஐரோப்பாவில், மிகக் குறுகிய விதிவிலக்குகள் தவிர, காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன் ஒருமுறை பொதுவில் சொன்னாலே புதுமை போயிற்று, காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓராண்டுச் சலுகை உண்டு. அதை நம்பி மாநாட்டில் சுவரொட்டி ஒட்டினால் ஐரோப்பியச் சந்தை அன்றைக்கே கைவிட்டுப் போகும். யாரும் வந்து கேட்கக்கூடிய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வும் பொதுவெளிதான். இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

எனவே ஒப்பந்தத்தில்: வெளியிடுவதற்கு 30 நாள் முன்னதாகக் கட்டுரையை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். காப்புரிமை விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அதிகபட்சம் 60 அல்லது 90 நாள் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் இல்லை. மேல்வரம்பு இல்லாத தள்ளிவைப்பு மாணவரின் பட்டத்தைப் பலிவாங்கும்.

முதல் விண்ணப்ப நாளை 0 என்று வைத்தால், 12-ஆம் மாதத்துக்குள் சர்வதேச பி.சி.டி. விண்ணப்பம் (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்கீழ் பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் ஒரே விண்ணப்பம்), 18-ஆம் மாதத்தில் அது வெளியாகும், 30-ஆம் மாதத்தில் (ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலும் இந்தியாவிலும் 31) நாடு நாடாக நுழைய வேண்டும். செலவு அதுவரை மெல்ல ஏறி, மொழிபெயர்ப்பும் ஒவ்வொரு நாட்டு முகவரும் சேரும் 30-ஆம் மாதத்தில் ஒரேயடியாகக் குதிக்கும். அதாவது உரிமம் வாங்குபவரைத் தேட உங்களுக்கு இருப்பது 12-க்கும் 30-க்கும் இடையிலான ஒன்றரை ஆண்டு. 24-ஆம் மாதத்தில் உட்கார்ந்து, எந்த நாடுகள், யார் பணம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தை ஒப்பந்தத்திலேயே தேதி போட்டு வையுங்கள். ஒருவர் பணம் கட்ட மறுத்தால் அந்த நாட்டில் அவருடைய பங்கு மற்றவருக்குப் போகும் என்றும் எழுதுங்கள்.

முதல் விண்ணப்பத்தை எங்கே போடுவது என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவில் உருவான கண்டுபிடிப்பு என்றால் அங்கே விண்ணப்பித்து ஆறு மாதம் ஆகும் முன் வெளிநாட்டில் விண்ணப்பிக்க அனுமதி வேண்டும். இந்தியாவில் வசிக்கும் கண்டுபிடிப்பாளர் இருந்தால் அங்கும் முன் அனுமதி, அல்லது முதலில் இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். சீனாவில் முடிக்கப்பட்ட கண்டுபிடிப்புக்கு, வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் அரசின் ரகசியத்தன்மைப் பரிசோதனை. மூன்றும் "முதலில் இங்கே" என்று சொன்னால் எந்த வரிசையிலும் ஒருவர் விதி மீறப்படும். அதனால் எல்லா நாட்டிலும் முன் அனுமதி வாங்கிவிட்டு ஒரே இடத்தில் விண்ணப்பியுங்கள். நான்கு வாரமாவது ஒதுக்குங்கள்.

நிதி தருபவரின் நிபந்தனைகள்

பணம் யாருடையதோ அவருடைய விதி ஒப்பந்தத்துக்கு மேலே நிற்கும். அமெரிக்கக் கூட்டாட்சி நிதியில் பிறந்த கண்டுபிடிப்புக்கு 1980-ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் பொருந்தும். அமெரிக்கச் சந்தைக்குத் தனியுரிமம் கொடுத்தால், அங்கு விற்கும் பொருளின் உற்பத்தி பெருமளவு அமெரிக்காவிலேயே நடக்க வேண்டும். விலக்கு கேட்கலாம், தானாக வராது. உங்கள் உரிமதாரர் வேறொரு நாட்டில் ஆலை வைத்திருப்பவர் என்றால் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் கூட்டுத் திட்டங்களில் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து குறைந்தது மூன்று அமைப்புகள் வேண்டும், மறைமுகச் செலவுக்கு (நிர்வாகம், மின்சாரம் போன்றவை) தருவது பொதுவாக நேரடிச் செலவில் 25 விழுக்காடு. உங்கள் பல்கலைக்கழகம் அதைவிட அதிகம் கேட்டால் அந்த வித்தியாசத்தைத் தாங்கப்போவது யார் என்று விண்ணப்பத்துக்கு முன் தீர்மானியுங்கள்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் வைத்து அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று நினைக்க வேண்டாம். மின்னஞ்சலில் போகும் வரைபடமும், தொலைவிலிருந்து கணினி வழங்கிக்குள் (சர்வர்) நுழைவதும் கணக்கில் வரும். குறைகடத்தி, ட்ரோன், குறியாக்கம், சில நுண்ணுயிரிகள் என்றால் முதலில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

உரிமம் கொடுக்கும்போது

தனியுரிமத்தைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே பூச்சு மருத்துவக் கருவிக்கும் கப்பலுக்கும் பயன்படலாம், இரண்டையும் ஒரே நிறுவனம் செய்யப்போவதில்லை. முன்பணம், மைல்கல் தொகை, விற்பனையில் பங்கு என்பவற்றோடு ஆண்டுதோறும் குறைந்தபட்சத் தொகையும் வையுங்கள். முன்மாதிரிக்கு ஒரு தேதி, முதல் விற்பனைக்கு ஒரு தேதி. தவறினால் தனியுரிமம் பொதுவுரிமம் ஆகும், அதாவது மற்றவர்களுக்கும் உரிமம் தரலாம். இந்த வரி இல்லாவிட்டால், போட்டியைத் தடுக்கவே வாங்கி அலமாரியில் பூட்டுகிற நிறுவனத்திடம் மாட்டிக்கொள்வீர்கள். இரு பல்கலைக்கழகங்களும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தும் உரிமையை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டி வரும் உரிமத்தொகையில் அந்த நாடு வரி பிடிக்கும். வரி ஒப்பந்தச் சலுகைக்கான சான்றிதழை முதல் தவணைக்கு முன்பே அனுப்பி வையுங்கள்.

தகராறு வந்தால் யாருடைய நீதிமன்றம் என்று சண்டை போடுவதைவிட, மூன்றாம் நாட்டில் நடுவர் மன்றம் என்று எழுதுவது எளிது. 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற முடியும்.

திட்டத்தின் நடுவில் தலைமை ஆய்வாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவது சாதாரணமாக நடக்கும். அவரோடு எந்தக் குறிப்பேடு போகும், எது தங்கும், புதிய இடம் ஒப்பந்தத்தில் சேர எத்தனை நாள், சேராவிட்டால் அவர் பகுதியை யார் முடிப்பார்: இந்த நான்கையும் ஒரு பத்தியில் எழுதி, அதன் கீழே அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.