ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும்போது நாம் செய்யும் சட்டத் தவறுகள்

மகன் பெங்களூரில், அம்மா திருநெல்வேலியில். மகன் தன் போனில் இருக்கும் ஆப்பில் டாக்டரிடம் பேசி, அம்மாவின் பிரஷருக்கு மாத்திரை எழுதி வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அந்தச் சீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நோயாளி ஆண், வயது 34. மாத்திரை போடப்போவதோ 62 வயது அம்மா. சட்டப்படி அந்தச் சீட்டு அம்மாவுடையதே அல்ல. நாளை மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் டாக்டரைக் கேட்க முடியாது. இன்சூரன்ஸ் கேட்டாலும் இதே சிக்கல்தான்.

இந்தியாவில் இதற்கான விதிகள் டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளாக 2020 மார்ச் 25 அன்று வந்தன. பிள்ளைகள் பெற்றோருக்காகப் பேசுவதை அவை தடுக்கவில்லை. ஆனால் நோயாளி யார், பேசுபவர் யார் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இல்லையென்றால் அவருடைய சம்மதத்துக்கோ உறவுமுறைக்கோ அத்தாட்சி வேண்டும். ஆப்பில் ‘குடும்ப உறுப்பினரைச் சேர்’ என்று ஒரு இடம் இருக்கும். அங்கே அம்மாவின் பெயரும் வயதும் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, “போன்லயே சொல்லிடுங்க டாக்டர்” என்று வற்புறுத்துவது. முதல்முறை பேசும் டாக்டர் வெறும் குரல் அழைப்பிலோ சாட்டிலோ எழுதக்கூடியது பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்ற சாதாரண மருந்துகள் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் வீடியோவில் பார்த்தாக வேண்டும். அதே டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காகப் பேசினால் கொஞ்சம் தளர்வு உண்டு. மருந்து விற்கும் ஆப்பில் சீட்டு இல்லை என்றதும் இரண்டு நிமிடம் ஒருவர் போனில் பேசி ஆன்டிபயாட்டிக் எழுதித் தருகிறாரே, அது இந்த விதிக்குப் பொருந்தாது. வசதியாக இருக்கிறது என்று நாமும் கண்டுகொள்வதில்லை.

பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், கடும் வலிக்குத் தரும் டிராமடால் போன்றவை போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் வருபவை. வீடியோவில் பார்த்தாலும் எழுதக்கூடாது. எழுதித் தர மறுக்கும் டாக்டருக்கு ஒரு ஸ்டார் கொடுப்பது அநியாயம்.

சீட்டு கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது டாக்டரின் பதிவு எண். சீட்டிலும் கட்டண ரசீதிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வைத்து மாநில மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். தேதி, மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘அசித்ரோ 500, 3 நாள்’ என்று சாட்டில் வரும் ஒற்றை வரி மருந்துச் சீட்டு ஆகாது. கையெழுத்திட்ட சீட்டின் படமோ முறையான மின்சீட்டோ வேண்டும். ஏஐ சாட்பாட் டாக்டருக்கு உதவலாம். தானே ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அதற்கு அனுமதி இல்லை.

மருந்தை ஆன்லைனில் வாங்குவது தனிக்கதை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வரைவு விதிகள் வெளியிட்டது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டார்; இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. வரைவு ஆண்டுக்கணக்கில் இழுபறியிலேயே கிடந்தது. ஆகவே பில்லில் கடையின் மருந்து உரிம எண் இருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் டாக்டரிடம் பேசுபவர்கள் கவனிக்க: இந்த நெறிமுறைகள் இந்திய எல்லைக்குள் மட்டும்தான்.

கடைசியாக, தகராறு வந்த பிறகு ஆப்பை டெலிட் செய்வது. கோபத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான். சாட், ரசீது எல்லாம் அதோடு போய்விடுகின்றன. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டு டாக்டருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டாக்டர் மும்பையில் இருந்தாலும், ஆப் கம்பெனி டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.