முதல் டிரைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பழனி மலைப் பகுதியில் பறக்கப் பழகுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

துணி இறக்கையின் கீழ் மூன்று சக்கர வண்டி தொங்கும் டிரைக் விமானத்தை வாங்க விரும்புபவர், விலையை விசாரிப்பதற்கு முன்பே, எந்த உயரத்திலிருந்து கிளம்பப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், எஞ்சினின் வலு குறைகிறது, ஓடுதூரம் நீள்கிறது, மேலேறும் வேகமும் சரிகிறது. ஆகவே மலையில் வசிப்பவரும் தம் முதல் விமானத்தை, சுமார் 300 மீட்டர் உயரமே உள்ள வத்தலக்குண்டு, பழனிப் பக்கத்துச் சமவெளிக்கென்றே தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்து இறக்கை. மேலும் கீழுமாக இரட்டைத் துணிப் பரப்பு கொண்ட வேகமான இறக்கைகள் அழகானவை. ஆனால் அவை பழகியவர்களுக்கு உரியவை. பரப்பு மிகுந்து, மெதுவாக இறங்கும் ஒற்றைத் துணி இறக்கையே புதியவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். சாதாரண விமானத்தில் பயின்றவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்: டிரைக்கில், இறக்கையோடு இணைந்த கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பக்கம் இழுத்தால் வேகம் கூடும், முன்னே தள்ளினால் குறையும். இது அவர்களுடைய கைப்பழக்கத்துக்கு நேர் எதிரானது. ஆகையால் டிரைக் பயிற்சியாளருடன் பறந்து பழகாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக, எடைக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். இரு இருக்கை டிரைக்குகள் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 450 கிலோ. வெற்று எடை 220 கிலோ, இருவரும் தலா 85 கிலோ, 40 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 29 கிலோ என்று வைத்தால் 419 கிலோ ஆகிவிடும். மீதமுள்ள 31 கிலோவுக்குள்தான் தலைக்கவசம், குளிர் உடை, கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும்.

எஞ்சினில் பெரும்பாலும் இரண்டு தெரிவுகளே எதிர்ப்படும். ரோட்டாக்ஸ் 582 என்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 65 குதிரைத்திறன் தரும். இலகுவானது, விலையும் குறைவு, ஆனால் 300 மணி நேரத்தில் முழுப் பழுதுபார்ப்பு கேட்கும். உயரம் கூடக்கூட அதன் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் மிகுந்துபோகும் என்பதால், பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் என்ற சிறு துளைப் பாகத்தை உயரத்துக்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். நான்கு ஸ்ட்ரோக் கொண்ட 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினின் கார்புரேட்டர்கள் உயர மாற்றத்தை ஓரளவு தாமே சரிசெய்துகொள்ளும். அதன் புதிய தயாரிப்புகளுக்குப் பழுதுபார்ப்பு இடைவெளி 2,000 மணி. மலையடிவாரத்தில், அவசரமாக இறங்கத் தட்டையான வயல் குறைவாகவே கிடைக்கும் இடத்தில், பணம் இடம்கொடுத்தால் நான் 912-ஐயே பரிந்துரைப்பேன்.

பழைய டிரைக் என்றால் பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் சோதியுங்கள். பாலியஸ்டர் துணியை வெயில் தின்னும். துணிக்கு முன்பே தையல் நூல் நைந்துபோவதுண்டு. இறக்கையின் மேற்பக்க நிறத்தைக் கீழ்ப்பக்கத்துடன் ஒப்பிட்டால், அது எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்பது ஓரளவு தெரியும். ஸ்பிரிங் தராசு போன்ற கருவியால் குறித்த விசைக்கு இழுத்துத் துணியையும் தையலையும் சோதிக்கும் முறை உண்டு; அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். பிறகு காய்ந்த பருத்தித் துணியை, இறக்கையைத் தாங்கும் பல இழை முறுக்கிய பக்கவாட்டுக் கம்பி மேல் சுற்றிப் பிடித்து, முனையிலிருந்து முனைவரை மெல்ல இழுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி அங்கே சிக்கும். அப்படிச் சிக்கினால் அந்தக் கம்பியை மாற்றாமல் பறக்கவே கூடாது. வண்டியை இறக்கையில் தொங்கவிடும் முதன்மை போல்ட்டையும், அதற்குத் துணையான பட்டையையும் பயிற்சியாளரைக் கொண்டு கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மலைப் பனியில் நனைந்தபடி சுருட்டி வைத்த இறக்கையாக இருந்தால், அலுமினியக் குழாய்களின் உட்புறத்தில் அரிப்பு இருக்கிறதா என்றும் நோக்க வேண்டும்.

ஆவணங்களில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் பதிவும் பறத்தல் அனுமதியும் நடப்பில் உள்ளனவா, எஞ்சின் எண் பதிவேட்டோடு பொருந்துகிறதா என்பவற்றைச் சரிபாருங்கள்.

கடைசியாகச் சோதனைப் பறப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பழனி வரை வீசும். மற்ற மாதங்களிலும் வெயில் ஏறியதும் மலைச்சரிவில் காற்று எழும்பும். எனவே பருவக்காற்று ஓய்ந்த பின், சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், பயிற்சியாளரை உடன் அமர்த்திப் பறந்து, கைகளைத் தண்டிலிருந்து மெல்லத் தளர்த்தியதும் விமானம் ஒரு பக்கம் சாயாமல் நேராகச் செல்கிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.