குடும்பம் கூடி ஒரு காரியத்தை முடிக்கும் கதை: முதல் படப்புத்தகம் உருவாக்குவது எப்படி?

மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்காக ஒரு படப்புத்தகம் எழுத விரும்பி, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கான செய்முறை இது. ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. குச்சி மனிதர்களை வரைய முடிந்தால் போதும்.

முதல் படி: குறிக்கோளைத் தேர்ந்தெடுத்தல்

“ஒற்றுமையாக இருப்பது” என்பது குறிக்கோள் ஆகாது. அதைப் படமாக வரைய முடியாது. நிறைவேறியதா இல்லையா என்பதை எழுத்துத் தெரியாத குழந்தையும் படத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். அதோடு, ஒருவர் மட்டும் செய்து முடிக்க முடியாத வேலையாகவும் அது இருக்க வேண்டும். இந்த விளக்கம் முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ஒரு குடும்பம் கனமான மர அலமாரியை அடுத்த அறைக்குள் கொண்டுபோக வேண்டும். அலமாரி உள்ளே வந்ததா, வெளியே நிற்கிறதா என்பதில் எந்தக் குழந்தைக்கும் ஐயம் வராது.

இரண்டாம் படி: ஆளுக்கொரு வேலை

தொடக்க நிலை எழுத்தாளர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இந்தப் படியில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் முயன்று தோற்க, கடைசியில் குழந்தை ஒரு யோசனை சொல்லிச் சாதித்துவிடுவதாக எழுதினால், அது கெட்டிக்காரக் குழந்தையின் கதையாகுமே தவிரக் குடும்பத்தின் கதையாகாது. ஒவ்வொருவர் செய்ததும் வீணாகாமல் நின்று, அதன்மேல் அடுத்தவரின் உழைப்பு சேர வேண்டும்.

நம் கதையில் அப்பா முதலில் தனியாகத் தள்ளுகிறார், அலமாரி அசையவில்லை. அம்மா உள்ளிருக்கும் புத்தகங்களை எல்லாம் வெளியே எடுத்து எடையைக் குறைத்து, அலமாரிக் கதவைப் பூட்டி, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுகிறார். பாட்டி பழைய போர்வை ஒன்றை அலமாரிக்கு அடியில் விரிக்கச் சொல்கிறார். அலமாரி வழுக்கிக்கொண்டு வாசல்வரை வந்து, அங்கே மாட்டிக்கொள்கிறது. மேலே பிடித்துத் தள்ளுபவர்கள் கண்ணில் படாத ஒன்று, அலமாரியின் பாதி உயரமே உள்ள சிறுமியின் கண்ணுக்கு நேராக இருக்கிறது: நிலைச்சட்டத்தில் இடித்துக்கொண்டிருக்கும் சாவி. அவள் அதை உருவி எடுக்கிறாள். ஆனாலும் அப்பா தள்ள வேண்டும், போர்வை வழுக்க வேண்டும், அலமாரி காலியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது உள்ளே வராது.

டர்னிப் கிழங்கைப் பிடுங்கும் பழைய ரஷ்ய நாட்டுப்புறக் கதையிலும் இதே கட்டுமானம்தான் இருக்கிறது. தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை என்று ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, எலியும் வந்து சேர்ந்ததும் கிழங்கு வெளியே வருகிறது. எலி வந்த பிறகும் மற்றவர்கள் பிடியை விடுவதில்லை.

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அம்மா எல்லாப் படத்திலும் சமையலறையிலேயே நின்றால், நீங்கள் எழுதாத ஒரு பாடத்தைப் படம் சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: பக்கங்களைப் பிரித்தல்

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை. பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில் வருவதே இதற்குக் காரணம். முதல் பக்கத்தைத் தலைப்புக்கும், 2, 3 ஆகியவற்றைப் பதிப்பு விவரத்துக்கும் சமர்ப்பணத்துக்கும் ஒதுக்கினால், கதைக்கு 14 இரட்டைப் பக்கங்களும் (புத்தகத்தை விரித்தால் அருகருகே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஓர் இரட்டைப் பக்கம்) கடைசியில் ஓர் ஒற்றைப் பக்கமும் கிடைக்கும். ஒரே தாளில் இவற்றுக்கான சிறு கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று குச்சிப் படமாக வரையுங்கள்.

பக்கம் திரும்பும் இடத்தை வீணாக்காதீர்கள். வலப்பக்கத்தின் அடியில் “எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு...” என்று நிறுத்தினால், குழந்தையின் கை தானாகவே தாளைப் புரட்டும்.

நான்காம் படி: எழுதுதல்

முழுப் புத்தகத்துக்கும் 300 சொற்களே தாராளம். படத்தில் தெரிவதை எழுத்தில் மறுபடி சொல்ல வேண்டாம். நம் கதையில் அம்மா பூட்டிய நொடியிலிருந்து சாவி ஒவ்வொரு படத்திலும் இருக்கும். சிறுமி அதை உருவும்வரை எழுத்தில் ஓரிடத்திலும் வராது. வாசித்துக் காட்டும் பெரியவருக்கு முன்பே குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும் மகிழ்ச்சிக்காகத்தான் இந்த ஏற்பாடு.

திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி சிறுவர்களுக்குப் பிடிக்கும். “தள்ளு, தள்ளு! நகரவில்லை” என்று தொடங்கி, “தள்ளு, தள்ளு! கொஞ்சம் நகர்ந்தது” என்று அதை மாற்றிக்கொண்டே போகலாம். கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழிலும், உரையாடல் வீட்டில் பேசுவதுபோலவும் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பாட்டி பேத்தியிடம் இலக்கணத் தமிழில் பேசினால் சிரிப்புத்தான் வரும். “ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு” என்று கடைசிப் பக்கத்தில் எழுதும் ஆசை வந்தால், அந்த இடத்தில் காலி அலமாரிக்குள் புத்தகங்கள் திரும்பப் போவதை வரைந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மாதிரிப் புத்தகம்

எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கங்கள் வந்துவிடும். அதில் பென்சிலால் படங்களையும் வரிகளையும் இடுங்கள். முகமோ, நம் சாவியைப் போன்ற முக்கியமான பொருளோ நடுமடிப்புக்குள் விழுந்தால் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

பிறகு அதை ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டி, எந்தப் பக்கத்தில் விரல் சாவியைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்மா பூட்டிய பக்கத்திலேயே தொட்டுவிட்டால் சாவியைச் சிறிதாக்குங்கள். சிறுமி உருவும்வரை தொடவே இல்லை என்றால், அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டித் தொங்கவிட்டு இன்னொரு குழந்தையிடம் வாசித்துப் பாருங்கள். வண்ணப் படங்களை அதன் பிறகே தொடங்க வேண்டும்; அச்சுக்குப் போவதானால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவிலும், விளிம்புவரை வண்ணம் வரும் பக்கங்களில் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.