ஹலால் டிம்சம் பஃபே: போகும் முன் கேட்க வேண்டியதும், போனபின் எடுக்க வேண்டியதும்

சனி, ஞாயிறு மதியம் டிம்சம் பஃபே என்று போர்டைப் பார்த்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். டிம்சம் என்றால் பெரும்பாலும் சின்னக் கூடைகளில் ஆவியில் வேகவைத்துத் தரும் சீனச் சிற்றுண்டிகள். முதலில் ஒரு போன் போடுங்கள். வாசலில் ஒட்டியிருக்கும் ஹலால் ஸ்டிக்கரைக் காட்டி, கோழி எங்கே அறுத்தது என்று கேட்டால் எந்தக் கடையிலும் பதில் வந்துவிடும். ஆனால் சீனச் சமையலில் சிக்கல் அதிகம் இருப்பது சாஸிலும் கொழுப்பிலும்தான்.

கறி ஊறவைக்க ஷாவோஷிங் என்ற அரிசி ஒயின் ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். “சமையல் ஒயின்தான் சார், வேகும்போது போயிடும்” என்று சொன்னால் அந்தக் கடையை விட்டுவிடலாம். முள்ளங்கிக் கேக்கிலும் தாமரை இலைச் சோற்றிலும் லாப் சோங் என்ற பன்றி இறைச்சி சாசேஜ் போடுவது அசல் வழக்கம். இங்கே அதற்குப் பதில் கோழியா, காளானா என்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டை டார்ட்டின் அடுக்கு மாவுக்குப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், அதையும் கேளுங்கள். கடைசியாக மாம்பழப் புட்டிங். நோன்பு நேரத்தில் வீட்டில் காய்ச்சுகிற கடல்பாசி போட்டிருந்தால் கவலையில்லை. ஜெலட்டின் என்றால் எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டும். ஸ்பூனால் வெட்டினால் கடல்பாசி நறுக்கென்று உடையும். ஜெலட்டின் தளதளவென்று ஆடி, வாயில் வைத்ததும் கரையும். ஆனால் எந்த ஜெலட்டின் என்று நாக்கு சொல்லாது.

டிம்சம் அங்கேயே பிடிப்பதா, உறைந்த பாக்கெட்டில் வருவதா என்பதும் முக்கியம். பாக்கெட் என்றால் ஹலால் முத்திரை அதன் மேல்தான் இருக்க வேண்டும், கடை வாசலில் இருப்பது போதாது. காட்டச் சொல்லுங்கள், தப்பில்லை.

இறால் இன்னொரு விஷயம். ஹார் கௌ என்ற மெல்லிய தோல் கொழுக்கட்டை முழுக்க இறால், சியு மாய் என்ற மேலே திறந்த கொழுக்கட்டையில் கோழியோடு இறால், அரிசித் தாள் சுருளான சியோங் ஃபன்னிலும் பெரும்பாலும் அதுவே. ஷாஃபி மத்ஹபைப் (இஸ்லாமியச் சட்ட வழி) பின்பற்றும் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் தடையில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி. அந்த மத்ஹபில் கடலில் மீன் மட்டுமே, இறாலை மீனாகக் கொள்ளலாமா என்பதில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே இரு கருத்து. நண்டு, கணவாய் வேண்டாம் என்பவர்கள் சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸையும் கவனிக்க வேண்டும். வெறும் கீரையாகத் தெரியும் தட்டிலும் அதை ஊற்றியிருப்பார்கள். சம்பந்தி வீட்டாரை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்பே பேசிவிடுவது நல்லது.

கடை திறக்கும் நேரத்துக்கே போய் உட்காருங்கள். ஹார் கௌவின் மேல்தோல் கோதுமை ஸ்டார்ச்சில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்தது. சூட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இறாலின் சிவப்பு தெரியும். ஆறினால் வெளுத்து, விறைத்து, மடிப்பில் வெடிக்கும். ஆறிப்போன கொழுக்கட்டையின் கதைதான். கூடையைத் திறந்ததும் மடிப்பு ஓரம் காய்ந்து சுருங்கியிருந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கி பாவ் (ஆவியில் வெந்த, உள்ளே பூரணம் வைத்த பன்) நசநசத்திருந்தாலோ மூடிவிட்டு நகருங்கள். ஹார் கௌ வேக ஐந்தாறு நிமிடம், சியு மாய்க்கு ஏழெட்டு, பாவுக்குப் பத்துப் பன்னிரண்டு; அடுத்த கூடை வரக் காத்திருந்தால் நஷ்டமில்லை. பொரித்ததை மூடி போட்ட பாத்திரத்தில் வைத்திருந்தால் தொடவே வேண்டாம், தன் ஆவியிலேயே ஊறிப்போயிருக்கும்.

நான்கு பேர் போனால் முதல் சுற்றில் ஒவ்வொரு வகையிலும் ஒரே கூடை. மூன்று அல்லது நான்கு உருண்டை இருக்கும், நான்கு இருந்தால் ஆளுக்கு ஒன்று வரும். ஹார் கௌவும் சியோங் ஃபன்னும் முதலில், பிறகு சியு மாய், அப்புறம் கோழி பாவ். முள்ளங்கிக் கேக்கும் ஸ்பிரிங் ரோலும் மூன்றாவது சுற்றுக்கு. தாமரை இலைச் சோறு பசையரிசி. ஒரு பொட்டலத்தை ஒருவரே முடித்தால் அதோடு எழுந்துவிட வேண்டியதுதான், இருவர் பிரித்துக்கொள்ளுங்கள். இலையைத் தின்னக் கூடாது, பாவின் அடியில் ஒட்டியிருக்கும் தாளையும் உரிக்க வேண்டும். ஃப்ரைடு ரைஸ், சில்லி சிக்கன் பக்கமே போகாதீர்கள். அதற்குத்தான் ஊர் முழுக்கக் கடை இருக்கிறதே.

கோழிக்கால், அதாவது கோழியின் பாதம், வைத்திருந்தால் தயங்க வேண்டாம். ஆட்டுக்கால் பாயா சாப்பிடும் ஊருக்கு இது புதிதில்லை: பொரித்து, ஊறவைத்து, கறுப்பு பீன்ஸ் சாஸில் ஆவியில் வேகவைத்தது. ஒரு கணுவை வாயில் போட்டு, தோலை உறிஞ்சி, எலும்பைத் தட்டின் ஓரம் வையுங்கள்.

சாப்ஸ்டிக் குச்சி பிடிக்க வராவிட்டால் ஸ்பூன் போதும். முள்கரண்டியால் குத்தினால் தோல் கிழிந்து உள்ளிருக்கும் சாறு தட்டில் போய்விடும். பாவைக் கையால் பிய்த்தே சாப்பிடலாம். ஹார் கௌவை முதலில் சாஸ் இல்லாமல் ஒன்று தின்று பாருங்கள். சிவப்பு சில்லி சாஸில் குளிப்பாட்டினால் எல்லாம் ஒரே ருசிதான். சியு மாய்க்கு மிளகாய் எண்ணெய் இரண்டு சொட்டு, பொரித்ததற்குக் கறுப்பு வினிகர். குடிக்கச் சீனி போடாத மல்லிகை டீ. கூல்டிரிங்ஸ் வயிற்றை அடைத்துவிடும். கெட்டில் மூடியைச் சாய்த்து வைத்தால் மறுபடி ஊற்ற வேண்டும் என்பது சீன வழக்கம், ஆனால் நம்மூரில் “தம்பி, டீ” என்பதே சீக்கிரம் வேலை செய்யும்.

லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு நடுவில் எழுந்து போய் வர வேண்டுமென்றால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். நேரக் கணக்கு வைக்கும் கடைகள் உண்டு. பிள்ளைகளுக்கு அரை விலை வயதை வைத்தா உயரத்தை வைத்தா, மிச்சம் வைத்தால் அபராதமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி சாதாரணக் கடை என்றால் 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.