பழவேற்காடு ஏரிக்கு ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா?

சென்னையிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டி சூளூர்ப்பேட்டையில் ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரி இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும். குளிர்காலம் முழுக்க பூநாரைகள் அங்கேதான். ஆனால் நமக்காக அவை ரோட்டோரம் வந்து நிற்காது, பல நாள் 300, 500 மீட்டர் தள்ளித்தான் மேயும், பைனாகுலரில் பார்த்தால் வெள்ளையாக ஒரு கோடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஸ்பாட்டிங் ஸ்கோப் (டிரைபாடில் வைத்து ஒரு கண்ணால் பார்க்கிற சின்னத் தொலைநோக்கி) வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். அதைக் கடைசியாகப் பாருங்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 100 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு போய் வைத்தால், பறவை பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் அலகு எது கழுத்து எது என்று பிரிக்க முடியாத ஒரு பழுப்புத் திட்டாக. ஒரு சீசனே அதில் போனது.

விஷயம் இதுதான். முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 80 மி.மீ. கண்ணாடியில் 20 மடங்கு வைத்தால் 4 மி.மீ., அதையே 60 மடங்குக்கு ஏற்றினால் 1.3 மி.மீ.தான். விடிகாலையில் நம் கண்பாவை நன்றாக விரிந்திருக்கும்போது இந்தச் சின்ன வட்டத்தில் படம் இருட்டாகத்தான் வரும். 500 மீட்டரில் நிற்கிற பறவை 20 மடங்கில் 25 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். இளஞ்சிவப்பு அலகும் கருப்பு நுனியும் பார்க்க, சாம்பல் நிறமாக நிற்கிற இளம் பறவைகளைத் தனியாக எண்ண, அதுவே தாராளம்.

இன்னொன்று கானல். ஒன்பது, ஒன்பதரை மணி ஆனதும் சேற்றுத் தரைக்கு மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். ஸ்கோப்பில் பார்த்தால் பூநாரையின் கால்கள் முட்டிக்குக் கீழே தண்ணீரில் கரைகிற மாதிரி ஆடும், அப்புறம் உடம்பும் ஆடும். மடங்கைக் கூட்டினால் அந்த ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியாக இருந்தாலும் இதற்கு மருந்து இல்லை, ஆறு மணிக்கே போய் நிற்பதைத் தவிர. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ரோட்டின் வடக்குப் பக்கம் பாருங்கள், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்.

கடையில் சும்மா எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். வெளியே கொண்டு வந்து, வெளுத்த வானத்துக்கு எதிரே தெரிகிற செல்போன் டவர் கம்பியைப் பாருங்கள். கம்பி ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிந்தால் வேண்டாம். ஈடி கண்ணாடி என்று சொல்லி விற்பவற்றில் இந்தக் கசிவு குறைவாக இருக்கும், வெள்ளைப் பறவை பார்க்கிற நமக்கு அது ரொம்ப முக்கியம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஐ ரிலீஃப் (படம் முழுதாகத் தெரிய ஸ்கோப்பிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்கிற தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு, போட்டபடியே பார்த்து, வட்டம் முழுதாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் சாய்ந்து உள்ளதே என் தேர்வு. குனிந்து பார்க்கலாம், டிரைபாடைத் தாழ்வாக வைக்கலாம், என் மகளும் அவள் தாத்தாவும் உயரத்தை மாற்றாமலே மாறி மாறிப் பார்க்கிறார்கள். டிரைபாடில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பிடிக்காதீர்கள். ஏரியில் காற்று நிற்கவே நிற்காது, மெலிந்த கால் உள்ள ஸ்டாண்டில் எந்த ஸ்கோப்பும் நடுங்கும். மொத்தப் பணத்தில் கால் பங்காவது இதற்கு ஒதுக்குங்கள், நடுத்தண்டை உயர்த்தாமல் அதில் பையைத் தொங்கவிடுங்கள்.

துப்பாக்கி ஸ்கோப் மலிவாகக் கிடைக்கிறது, அதையே வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். நடுவில் குறுக்குக் கோடு நிற்கும், கண்ணை ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் படமே வரும், அதே மடங்கில் காட்சி அகலமும் குறைவு. 1972 வனவிலங்குச் சட்டம் அமலில் இருக்கிற சரணாலயத்தில் அதோடு நின்றால் வனத்துறைக்குப் பதில் சொல்லியே அந்த நாள் போகும்.

பைனாகுலரே இல்லாதவர்கள் ஸ்கோப்புக்கு முன்னால் ஒரு 8x42 (8 மடங்கு, 42 மி.மீ. முன்கண்ணாடி) பைனாகுலர் வாங்குங்கள். கூட்டம் எங்கே இருக்கிறது என்று அதில்தான் தேட முடியும். பக்கத்திலேயே இருக்கிற நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் மரத்தில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாவுக்கு அதுவே போதும்.

ஸ்கோப் எதுவானாலும், உள்ளே ஆவி படியாமல் நைட்ரஜன் அடைத்து, நீரும் புகாமல் செய்ததாகப் பார்த்து எடுங்கள். உப்புக் காற்றில் போய் வந்ததும் முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, அப்புறம்தான் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும்.