காசிமேட்டில் முள்தோல் சுறா இறங்கினால் அடையாளம் காண்பது எப்படி

எக்கினோரைனஸ் புரூகஸ் என்ற இந்தச் சுறா பெரும்பாலும் 350 முதல் 900 மீட்டர் ஆழத்தில் திரிவது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் கொச்சியில் இறக்கியதுண்டு. காசிமேட்டில் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்தான். ஏலம் முடிந்து துண்டு போடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பதால், எதை முதலில் பார்ப்பது என்பது முக்கியம்.

முதலில் வயிற்றுப் பக்கம். வாலுக்குச் சற்று முன்னால் குதத் துடுப்பு இருந்தால் அது பால் சுறா, கொம்பன் சுறா வகையறா, விட்டுவிடலாம். இல்லையென்றால் முதுகைப் பாருங்கள். இரண்டு முதுகுத் துடுப்புக்கும் முன்னால் முள் நின்றால் இது அல்ல. முள்ளில் பள்ளம் ஓடி, கண் பெரிதாகப் பச்சையாக இருந்தால் சென்ட்ரோஃபோரஸ் என்ற வேறு சுறா இனம். முள் மழமழவென்று இருந்து வாலடியின் இரு பக்கமும் மேடு தட்டினால் ஸ்குவாலஸ் என்ற இன்னொரு இனம். விரலால் தடவிப் பார்க்காதீர்கள், கிழித்துவிடும்.

முள்ளே இல்லாமல், சின்னச் சின்ன முதுகுத் துடுப்பு இரண்டும் நெருக்கமாக, இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலேயோ அதற்கும் பின்னாலோ இருந்தால் நம் ஆள். தோலைப் பாருங்கள்: ரோஜாத் தண்டு முள் மாதிரி, வட்டமான அடி, நடுவில் கூர். அங்கங்கே இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு ஒரே தட்டாகியிருக்கும். பசிபிக் பக்கத்து உறவுக்காரனான ‘எக்கினோரைனஸ் குக்கை’ சுறாவில் முள் சிறியது, நெருக்கமானது, ஒட்டாது. நம் ஆளின் தோல்மேல் நாற்றமடிக்கும் சளி படிந்திருக்கும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால்தான் முள் தெரியும். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் (27 மி.மீ.) வைத்துப் படமெடுங்கள். பிளாஷ் போட்டால் ஈரத்தோல் வெளுத்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் முள்ளின் நிழல் விழும்.

நீளம் அளக்கும்போது அளவு நாடாவை முதுகின் மேல் வளைத்துப் போடுவதுதான் வழக்கமான தப்பு, நீளம் கூடிவிடும். தரையில் நேராக விரித்து, மூக்கு நுனியிலிருந்து, நீட்டிப் பிடித்த வால் நுனிவரை அளக்க வேண்டும். தலை போயிருந்தால் மொத்த நீளத்தை ஊகித்து எழுதாமல், முதுகுத் துடுப்பு இரண்டும் தொடங்கும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறியுங்கள்.

ஏலக்காரரைக் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். சம்மதித்தால் டிஎன்ஏ சோதனைக்காகத் துடுப்போரத்தில் அரிசியளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடலாம். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். கடைசியாகப் படகு டிரைவரிடம், “எத்தன பாகத்துல கெடச்சுதுண்ணா?” என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். பாகம் என்பது மீனவர்கள் ஆழத்தைச் சொல்லும் அளவு. மீட்டராக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 200 பாகம் என்றால் சுமார் 366 மீட்டர்.