தேர்தல் கலவரத்தைத் தடுக்க: ஓட்டுப்பதிவுக்கு அப்புறம்தான் வேலையே

ஓட்டுப் போடும் நாளில் போலீஸ் இருக்கும், பார்வையாளர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பயப்பட வேண்டியது பெட்டியைப் பூட்டிய பிறகு முடிவு வராமல் இழுத்துக்கொண்டே போகும் நேரத்துக்கு. கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று ஓட்டுப்பதிவு பெரிய சச்சரவில்லாமல்தான் முடிந்தது. எண்ணிக்கை தாமதமாகி, சந்தேகம் ஊறி, 30ஆம் தேதி மாலை முடிவை அறிவித்து சுமார் ஒரு மணி நேரத்தில் பதவியேற்பையும் அவசரமாக முடித்தார்கள். அதற்கப்புறம் வெடித்ததில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

அதனால் சில வாரம் முன்பே இரண்டு தரப்பு ஆட்களையும் ஒருமுறை உட்கார வையுங்கள். சமாதானம் பற்றிப் பேச்சு வேண்டாம், யார் ஊர்வலம் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்று முடிவு செய்து எழுதி, போன் நம்பரை மாற்றிக்கொண்டால் போதும்.

எண்ணி முடித்ததும் ஏஜென்ட்டுகள் கையெழுத்திட்ட தாளை அங்கேயே சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், விதி அனுமதித்தால் போட்டோ எடுத்து வையுங்கள். மேலிடத்துக்குப் போன பிறகு எண்ணிக்கை மாறினால் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

வதந்திதான் பெரிய தலைவலி. இரவு பதினோரு மணிக்கு “பெட்டியை மாத்திட்டாங்க, எல்லாரும் கிளம்பி வாங்க” என்று மூச்சிரைக்க ஒரு ஆடியோ வரும். எந்தச் சாவடி, எத்தனை மணி, பேசுகிறவர் யார், எதுவுமே இருக்காது. உடனே அந்த இரண்டு தரப்பு ஏஜென்ட்டுகளுக்கும் போன் போடுங்கள். இரண்டு பேரும் “இங்கே ஒன்றும் இல்லை” என்றால், தோற்கப்போவதாகப் பேசப்படும் கட்சிக்காரர் குரலிலேயே அதைப் பதிவு செய்து அதே குரூப்பில் போடுங்கள். நடுநிலையாளர் சொன்னால் எவனும் கேட்க மாட்டான்.

கம்பு, கல் சேர்வது, வெளியூர் ஆட்கள் வேனில் வந்து இறங்குவது, இதெல்லாம் கண்ணில் பட்டால் வண்டி நம்பர், இடம், நேரத்தோடு போலீசுக்கும் தேர்தல் அதிகாரிக்கும் சொல்லுங்கள். வீடியோவைப் பரப்பாதீர்கள், கூட்டம் கூடத்தான் அது உதவும்.

முடிவில் சந்தேகம் இருக்கிறதா? வழக்குப் போடட்டும். கானாவில் 2012 அதிபர் தேர்தலுக்கு முன்பே வேட்பாளர்கள் அமைதி உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். தோற்றதாக அறிவிக்கப்பட்ட எதிர்க்கட்சி வேட்பாளர் அகுஃபோ-அடோ நீதிமன்றம் போனார், 2013 ஆகஸ்டில் அங்கேயும் தோற்று, தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். 2016இல் அவரே ஜெயித்தார்.

ஜெயித்தவர்களுக்கு ஒன்று. அன்றைக்கு ராத்திரியே தோற்றவர் வீட்டு வாசலில் வெடி போடாதீர்கள், பட்டாசு ரெண்டு நாள் கழித்தும் வெடிக்கும்.